ஆறு லட்ச ரூபாயில் ஊருக்கு எதைச் செய்வது? செலவு–பயன் கணக்கைப் போடும் விதம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் 200 வீடுகள் உள்ள ஒரு கிராமம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து 6 லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். இளைஞர் மன்றத்தில் மூன்று விதமான பேச்சு. உப்பு நீரைச் சுத்திகரித்துத் தருகிற ஆர்.ஓ. குடிநீர் நிலையம் போடலாம் என்று சிலர், ஊருணியைத் தூர்வாரலாம் என்று சிலர், பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு மையம் நடத்தலாம் என்று சிலர். செலவு–பயன் பகுப்பாய்வு போட்டுப் பார்த்தால் சண்டை தீரும் என்று ஒருவர் சொன்னாராம். அதை எப்படிப் போடுவது, நம்மைப் போன்ற சின்ன மன்றத்துக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். ஒரு நாற்பது பக்க நோட்டும் கால்குலேட்டரும் போதும். ஆனால் உட்கார்ந்து போடுகிற வேலை கால்பங்குதான். மீதி முக்கால்பங்கு தெருவில் நடந்து விசாரிக்கிற வேலை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து அறக்கட்டளைகளுக்குப் பல வருஷமாகக் கணக்குப் பார்த்துவருகிறேன். அதில் நான் கண்டது ஒன்று உண்டு: ஒரு திட்டத்தை வாழவைப்பதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் வராத செலவுதான். யாரோ ஒருவர் தன் கையிலிருந்தோ தன் நேரத்திலிருந்தோ கொடுக்கிற செலவு அது.

இந்த முறை அரசாங்க வேலைகளுக்குள் வந்த கதையிலேயே அந்த எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1936-இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தப் பயன் மொத்தச் செலவைவிட அதிகமாக இருக்கவேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். 'யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும்' என்பதுதான் முக்கியம். அணை கட்டுகிற இலாகாவுக்கு என்ன லாபம் என்று பார்க்காமல், ஆற்றங்கரையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் என்ன வந்தது, என்ன போனது என்று பார்க்கச் சொன்னது அந்தச் சட்டம். உங்கள் மன்றமும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

இதற்கு மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் கண் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை இலவசம், வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். பலர் வரவில்லை. இலவசம்தானே, ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பஸ் கட்டணம் வேண்டும், மதுரையில் சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், துணைக்கு வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அத்தனை நாள் கூலி போகும், அப்புறம் தெரியாத ஊருக்குப் போகிற பயம். மருத்துவமனையின் பேரேட்டில் நோயாளிக்கு ஆகும் செலவு பூஜ்யம். அந்தப் பாட்டியின் வீட்டில் அது பூஜ்யமில்லை. பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்து, கூட்டமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். மருத்துவமனையின் செலவு அதனால் கூடியது. ஆனால் கண் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சிகிச்சைக்கு வர வழி பிறந்தது.

சரி, இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். கீழே வைக்கிற எண்கள் எல்லாம் கணக்குப் போடும் விதத்தைக் காட்ட நானாக வைத்தவை. உங்கள் ஊர் எண்களை நீங்கள்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதவேண்டும்.

ஆர்.ஓ. நிலையத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் பார்க்க எளிதாக இருக்கும். இயந்திரம், தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்து 4.5 லட்சம் என்று கம்பெனிக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் என்று வைப்போம். 120 வீடுகள் இப்போது வேன்காரரிடம் தினம் ஒரு குடம் 10 ரூபாய்க்கு வாங்குகின்றன, வருஷத்துக்கு 300 நாள். அப்படியானால் வருஷத்துக்கு 3,60,000 ரூபாய் மிச்சம். ஒன்றேகால் வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்! கூட்டத்தில் இப்படிச் சொன்னால் எல்லோரும் கை தூக்கிவிடுவார்கள்.

இப்போது விட்டுப்போனதைச் சேருங்கள். மின்சாரம் மாதம் 3,000. மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கிற சவ்வு), ஃபில்டர், பம்ப் ரிப்பேர் எல்லாம் சராசரியாக வருஷத்துக்கு 30,000. காலையிலும் மாலையிலும் திறந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாதம் 5,000. மொத்தம் வருஷத்துக்கு 1,26,000. இயந்திரம் 7 வருஷம் ஓடும் என்று வைத்தால், இந்த ஏழு வருஷச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்றைய மதிப்பு என்பது பெரிய வித்தையில்லை. பத்து வருஷம் கழித்து வரப்போகிற 10,000 ரூபாயும் இன்று கையில் இருக்கிற 10,000 ரூபாயும் ஒன்றல்ல. பேங்கில் 6 சதவீத வட்டிக்கு இன்று 5,584 ரூபாய் போட்டால் பத்து வருஷத்தில் அது 10,000 ஆகிவிடும். ஆகவே அந்தப் பத்தாயிரத்தின் இன்றைய மதிப்பு 5,584. அதே 6 சதவீதத்தில், ஏழு வருஷம் வருஷாவருஷம் வருகிற ஒரு தொகையை 5.58-ஆல் பெருக்கினால் போதும். 5 வருஷத்துக்கு 4.21, 15 வருஷத்துக்கு 9.71. இந்த மூன்று எண்களை நோட்டின் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

1,26,000-ஐ 5.58-ஆல் பெருக்கினால் சுமார் 7 லட்சம். ஆக 4.5 லட்ச ரூபாய் இயந்திரத்தின் உண்மையான விலை பதினொன்றரை லட்சம்.

அடுத்தது பயன். வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆர்.ஓ. நிலையத்துக்கு வீட்டிலிருந்து நடந்து, வரிசையில் நின்று, குடத்தைச் சுமந்து வரவேண்டும். கால் மணி நேரம் என்று வைத்தால் 120 வீட்டுக்கும் 300 நாளைக்கும் சேர்த்து 9,000 மணி நேரம். யாருடைய நேரம்? பெரும்பாலும் பெண்களுடையது. அதற்கு என்ன விலை வைப்பது? 2024-25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 319 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள்; எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு சுமார் 40. அந்த நேரம் முழுவதும் கூலி வேலைக்குப் போய்விடாது என்பதால் பாதி வைப்போம், மணிக்கு 20. அப்படியானால் 1,80,000 ரூபாய். மிச்சம் என்று சொன்ன 3,60,000-இல் இது போனால் நிகரப் பயன் வருஷத்துக்கு 1,80,000. ஏழு வருஷத்துக்கு இன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம். செலவு பதினொன்றரை, பயன் பத்து. இன்னும் வேன்காரர் இழக்கிற வருமானத்தைச் சேர்க்கவில்லை. அவரும் பக்கத்து ஊர்க்காரர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

நிலையத்தில் குடத்துக்கு 3 ரூபாய் வாங்கினால் வருமானம் வருமே என்று கேட்பீர்கள். அந்த 3 ரூபாய் ஊர் மக்களின் பையிலிருந்து மன்றத்தின் பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஊருக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை, அதனால் பயன் பக்கத்தில் எழுதக்கூடாது. ஆனால் அது இல்லாமல் கரண்ட் பில் கட்ட முடியாது. வருஷத்துக்கு 1,08,000 வரும், செலவு 1,26,000. 18,000 துண்டு விழும். இதைத் தனிப் பக்கத்தில் ரொக்கக் கணக்காக எழுதுங்கள். ஊருக்கு லாபமா என்பது ஒரு கேள்வி, மாதக் கடைசியில் கையில் காசு இருக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டிலும் தேறவேண்டும்.

காசு வாங்குவதில் இன்னொரு விஷயமும் உண்டு. சின்னத் தொகைதானே, யாருக்கும் பாரமில்லை என்று நினைத்துவிடுவோம். கென்யாவில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொசுவலை கொடுத்து இதைச் சோதித்தார்கள். 2010-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இலவசமாக இருந்ததிலிருந்து அரை டாலருக்குச் சற்று மேலான ஒரு விலைக்குப் போனதுமே, வாங்குகிறவர்கள் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்றும் இல்லை. குடிநீருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 3 ரூபாய் வைத்தால் எந்த வீடுகள் நின்றுபோகும் என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து போட்ட ஓர் ஆர்.ஓ. நிலையத்தை மூன்று வருஷம் கழித்துப் பார்க்கப் போயிருந்தேன். ஷட்டரில் பூட்டு. கதவு இடுக்கில் ஒரு வேப்பங்கன்று முளைத்து முழங்கால் உயரம் வந்திருந்தது. நாணயம் போடுகிற துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பக்கத்துத் திண்ணையில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். "வடிகட்டி மாத்தணும்னாங்க, அதோட சரி" என்றார். மெம்பிரேனை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு யார் எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்று எங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. கல்வெட்டில் பெயர்கள் மட்டும் நன்றாக இருந்தன. அந்தப் பூட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. முதலில் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதையெல்லாம் தாண்டி, ஃபுளோரைடும் இருந்தால், வேன் தண்ணீர் வாங்க வசதியில்லாத மீதி 80 வீடுகளின் உடல்நலம் பயன் பக்கத்தில் பெரிதாக வந்து உட்காரும்; கணக்கே மாறிவிடும். மாறாக, கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலோ 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திலோ இரண்டு வருஷத்தில் வீட்டுக்குக் குழாய் வரப்போகிறது என்றால், ஏழு வருஷப் பயனை எழுத முடியாது. இரண்டு வருஷம்தான் எழுதலாம். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

இப்போது ஊருணி. இது ஆழமாகப் பார்க்கவேண்டியது, ஏனென்றால் இதில்தான் கணக்கு உங்களுக்கு ஒரு புதிய விஷயத்தைக் கற்றுக்கொடுக்கும்.

தூர்வார, கரை பலப்படுத்த 5 லட்சம், வருஷத்துக்கு ஒருமுறை செடிகொடி வெட்டிச் சுத்தம் செய்ய 15,000. கோடையில் நான்கு மாதம் 150 வீட்டுப் பெண்கள் தூரத்துக் கிணற்றுக்குப் போகிறார்கள். ஊருணியில் நீர் நின்றால் நாளொன்றுக்கு 45 நிமிஷம் மிச்சம். 13,500 மணி நேரம், மணிக்கு 20 என்றால் 2,70,000 ரூபாய். பராமரிப்பு போக 2,55,000. பதினைந்து வருஷத்துக்கு 9.71-ஆல் பெருக்கினால் 24.8 லட்சம். செலவோ 5 லட்சம். ஐந்து மடங்கு பயன்!

இங்கே பேனாவை மூடிவிடாதீர்கள். எண்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் மழை பொய்க்கும் என்று வைத்தால் 16 லட்சம். சரி, இன்னும் தேறுகிறது. அதோடு ஐந்து வருஷத்திலேயே மறுபடி மண் மேவிவிடும் என்று வைத்தால் 7 லட்சம், தட்டுத்தடுமாறித் தேறுகிறது. அதோடு மிச்சமாகிற நேரம் 45 நிமிஷமில்லை, 20 நிமிஷம்தான் என்று தெரியவந்தால் 2.7 லட்சம். 5 லட்சம் போட்டு 2.7 லட்சம். அதே ஊருணிதான், இரண்டு மூன்று எண்கள் மாறியதில் தீர்ப்பே மாறிவிட்டது.

ஆக மண் எத்தனை வருஷம் மேவாமல் இருக்கும், உண்மையில் எத்தனை நிமிஷம் மிச்சமாகும் என்ற இரண்டு எண்களில்தான் முடிவு நிற்கிறது. இவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: வரத்துக்கால், அதாவது ஊருணிக்கு மழைநீர் வந்து சேருகிற வாய்க்கால். வரத்துக்காலில் வீடு கட்டியிருந்தாலோ, சாலை போட்டபோது பாலம் வைக்காமல் மண் கொட்டியிருந்தாலோ ஊருணிக்கு நீரே வராது. அப்போது பயன் பூஜ்யம், ஆழமான குழி மட்டும் மிச்சம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, ஊருணியிலிருந்து தண்ணீர் வருகிற திசையில் இரண்டு பேர் கடைசிவரை நடந்து போங்கள். எங்கே நின்றிருக்கிறது, எங்கே திரும்பி வயலுக்குள் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஊரில் எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிப்போனால் பழைய தடம் எது என்று அவர் காட்டுவார். நிமிஷக் கணக்குக்குக் கடிகாரத்தோடு ஒரு வாரம் தண்ணீருக்குப் போகிறவர்களோடு நடந்து போங்கள். மூன்று வீட்டில் கேட்டு எழுதுவதைவிட அது நம்பகமானது.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதையும் ஜேசிபிக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். மணிக் கணக்கில் காசு வாங்குகிறவர் தோண்டிக்கொண்டே போவார். உங்கள் பக்கத்தில் அடியிலிருக்கிற களிமண் படுகையை உடைத்துவிட்டால் நீர் நிற்காது. கடலோரமாக இருந்தால் கீழே இருக்கிற உப்பு நீர் மேலே வந்துவிடும். எடுத்த வண்டலை வயலுக்குப் போட்டால் அதுவும் ஒரு பயன்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு, எந்த வண்டி எந்த வயலுக்குப் போனது என்று ஒரு பையன் நின்று எழுதட்டும்.

படிப்பு மையத்துக்கு இந்த மாதிரி ரூபாய்க் கணக்கு சரிவராது. ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்வதன் விலை என்ன என்று எழுத முயலாதீர்கள். ஒரு பிள்ளையை வாசிக்க வைக்க எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு ஆசிரியைகளுக்குத் தலா மாதம் 4,000, புத்தகம், விளக்கு, சுண்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 24,000, ஆக மொத்தம் வருஷத்துக்கு 1,20,000. 40 பிள்ளைகள் வருகிறார்கள். வருஷ முடிவில் 20 பிள்ளைகள் புதிதாகத் தடங்கலில்லாமல் ஒரு பத்தி வாசிக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த இருபதில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்திலேயே எப்படியும் கற்றிருப்பார்கள்? பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் மையத்தால் வந்தது எட்டுதான். ஒரு பிள்ளைக்கு 15,000.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம்தான் இத்திட்டத்தால் வந்தது. இவ்வளவு குறைந்த செலவில் கால்பங்கு என்பது நல்ல பலன் என்றே நான் சொல்வேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் முழுப் புகழும் திட்டத்துக்கே போயிருக்கும். நீங்களும் மையம் திறக்கிற முதல் வாரமே, வருகிற பிள்ளைகளையும் வராத பிள்ளைகளையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் குறித்துவையுங்கள்.

பெரிய இடங்களிலும் இந்தச் சாதாரணப் பெருக்கலைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒரு ராட்டினம். பிள்ளைகள் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். ஒன்று சுமார் 14,000 டாலர். 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் நிதி அறிவித்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் வரவேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுற்றவேண்டும் என்று 2009-இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் தண்ணீருக்கு வந்த பெண்களே அந்தப் பாரமான சக்கரத்தைக் கையால் சுற்றவேண்டியதாயிற்று. சாதாரணக் கைப்பம்பு இதைவிடப் பல மடங்கு மலிவு.

கணக்கின் கடைசிப் பக்கத்தை நீங்கள் தவிர்க்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'யார்' என்று ஒரு கட்டம் போடுங்கள். மொத்தத்தில் லாபம் என்றால் போதாது, லாபம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று பார்க்கவேண்டும். ஆர்.ஓ. நிலையம் கோயில் தெருவில் வந்தால் காலனியிலிருந்து எத்தனை அடி நடக்கவேண்டும்? அங்கிருந்து வருகிற பெண் வரிசையில் எல்லோரோடும் நிற்க முடியுமா? ஊருணியின் படித்துறையில் எல்லோரும் குடத்தை முக்கலாமா? இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்காமல் போட்ட கணக்கில் 150 வீடு என்று எழுதியிருப்பது நடைமுறையில் 100 வீடாக இருக்கும். என் சொந்த வழக்கம், ஒரே அளவு பயன் என்றால் கூலிக்குப் போகிற வீட்டின் ஒரு ரூபாயை இரண்டு ரூபாயாக எண்ணுவது. வேறு அளவும் வைக்கலாம், ஆனால் என்ன அளவு வைத்தீர்கள் என்று தாளில் தெரிய எழுதிவையுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், அதற்கு மத்திய அரசின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். யார் யார் அனுப்பினார்கள் என்று இப்போதே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஊருணியைத்தான் முதலில் வைப்பேன், வரத்துக்கால் சரியாக இருந்தால். அதில் 5 லட்சம் போனால், மீதி ஒரு லட்சத்தை பேங்கில் போட்டு அந்த வட்டியை வருஷச் சுத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம். போதாத பாக்கிக்கு வீட்டுக்கு 50 ரூபாய் வரி போட்டால் சரியாகிவிடும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் படிப்பு மையம். ஐந்து வருஷம் நடத்தப் பணம் இருக்கிறது. நவம்பர் 1 கிராம சபையில் மூன்று தாளையும் சத்தமாக வாசியுங்கள். 45 நிமிஷம் என்று எழுதியிருப்பதைக் கேட்டு ஏதாவது ஓர் அம்மா எழுந்து, இல்லை, எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்பார். அந்த எண்ணை அங்கேயே அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு நடந்து பார்த்துவிட்டு எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.